ஜூன் மாசம் மலை ஏறாதீர்கள்

வாசகர் கடிதம்: "சாத்தான்குளம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 29, மனைவிக்கு 26, மகளுக்கு 2. ஒரு மிஷனெரி ஸ்தாபனத்தின் மூலம் ஜார்க்கண்ட் மாநிலம் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில் மால்டோ மக்கள் வாழும் மலைக்கிராமத்துக்குப் போகிறோம். பயிற்சி முடிந்துவிட்டது. ஜூனில் பிரதிஷ்டை செய்து அனுப்பச் சபையார் ஏற்பாடு செய்கிறார்கள். அங்கே ஒரு ஏக்கர் வாங்கிச் சின்ன ஆலயமும் வீடும் கட்டக் காணிக்கையும் சேர்ந்திருக்கிறது. துபாயில் இருக்கிற மாமா மாசாமாசம் பணம் அனுப்புகிறேன் என்கிறார். மனைவிக்குக் காய்ச்சலை நினைத்துப் பயம். போன முதல் நாள் என்ன செய்ய வேண்டும்? அன்றாடம் எதில் இடறுவோம்?"

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் தேதியை மாற்றுங்கள். நம் ஊரில் ஜூன் என்றால் பள்ளி திறக்கும், குற்றாலத்தில் சாரல் விழும். நீங்கள் போகிற ராஜ்மஹல் மலையில் அதுதான் மழை இறங்கும் மாசம், மலேரியா தலைதூக்கும் மாசம், மலைச்சரிவுக் காடுகளில் மக்காச்சோளமும் தட்டாம்பயறும் விதைக்கும் மாசம். ஆணும் பெண்ணும் விடிந்ததும் காட்டுக்குப் போய்விடுவார்கள். பகலில் ஊரில் கிழவர்களையும் சின்னப் பிள்ளைகளையும்தான் பார்க்கலாம். பாதை வழுக்கும், ஜீப் ஏறாது. நவம்பர் கடைசி அல்லது டிசம்பர்தான் சரியான நேரம். பயறு வீட்டுக்கு வந்திருக்கும், கொசு குறைந்திருக்கும், ஜனங்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். ஆனால் குளிரும். பாளையங்கோட்டை மார்கழியை நினைத்துக்கொண்டு ஆளுக்கொரு போர்வையோடு போனால் முதல் வாரமே குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டும். கம்பளி இங்கே வாங்க வேண்டாம். அங்கே சந்தையில் பஞ்சு வைத்துத் தைத்த ரஜாய் கிடைக்கும். இரண்டு வாங்குங்கள், ஒன்றை அடியில் விரிக்க வேண்டும்.

சபையாரிடம் பிரதிஷ்டையை ஜூனிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லலாம், பயணத்தை மட்டும் தள்ளுங்கள். இடையில் கிடைக்கிற ஐந்து மாசத்துக்கு இங்கேயே நிறைய வேலை இருக்கிறது.

அதில் முதல் வேலை மொழி. உங்கள் மனைவியோ நீங்களோ பள்ளிக்கூடத்தில் ஹிந்தி பிரசார சபைப் பரீட்சை எழுதியிருந்தால், பிராத்மிக்கோ மத்யமாவோ எதுவரை என்றாலும், அந்தப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுங்கள். பரீட்சை ஹிந்தியை வைத்துச் சந்தையில் பேரம் பேச முடியாது. ஆனால் தேவநாகரி எழுத்து கைவசம் இருப்பது பெரிய உதவி. மால்டோவையும் அந்த எழுத்தில்தான் எழுதுகிறார்கள். ஸ்டேஷன் பலகை, வாடகை ஒப்பந்தம் எல்லாம் பெரும்பாலும் அதில்தான். தினம் ஒரு மணி நேரம் சத்தமாக வாசித்துப் பழகுங்கள்.

மால்டோ திராவிட மொழி. நமக்குச் சுலபம் என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். பாதிதான் சரி. 'நான்' என்பதற்கு 'ஏன்', 'நீ' என்பதற்கு 'நீன்' என்று கேட்டதும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும். தமிழர்கள் அந்த இடத்தில்தான் அசட்டையாகிவிடுகிறார்கள். ஒருமையில் ஆணுக்கு ஒரு விகுதி, பெண்ணுக்கும் மாட்டுக்கும் மரத்துக்கும் சேர்த்து இன்னொரு விகுதி. நாம் 'அவள்' என்பதற்குத் தனி விகுதி தேடிக்கொண்டே இருப்போம், அது அங்கே கிடையாது. அடித்தொண்டையிலிருந்து வருகிற ஒரு ககரம் வேறு உண்டு. தமிழ்க் காதுக்கு அது சாதாரண 'க' மாதிரியே விழும். வாயைப் பார்த்தால் பிடிபடாது. பேசுகிறவர் சம்மதத்தோடு போனில் பதிவுசெய்து, ஒரே சொல்லைப் பத்துத் தடவை கேட்க வேண்டும். பக்கத்துக் கிராமத்துச் சந்தாலி மொழிக்கும் தமிழுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் கற்க முயன்றால் இரண்டும் கலங்கிப் போகும். முதல் மூன்று மாசம் சந்தை ஹிந்தி, பிறகு மால்டோ, இந்த வரிசையில் போங்கள்.

கற்கிற முறையைப் பற்றி ஒன்று. நோட்டில் ஐம்பது சொல் எழுதி மனப்பாடம் செய்கிறவரைவிட, காலையில் நாலு வாக்கியத்தை ஒருவரிடம் சரிபார்த்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் அதையே இருபது பேரிடம் சொல்லிப் பார்க்கிறவர் சீக்கிரம் பேசுவார். முதல் நாள் வாக்கியங்கள் எளிமையாக இருக்கட்டும்: உங்கள் பேர், நாங்கள் தெற்கே தூரத்திலிருந்து வருகிறோம், உங்கள் மொழி கற்கிறோம், எங்களுக்கு இவ்வளவுதான் தெரியும். இருபதாவது ஆளிடம் சொல்லும்போது நாக்கு தானாகத் திரும்பும். நீங்கள் வாசலில் உளறுவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உங்களைத் திருத்துவதற்கு அவர்களைப் போல் பொறுமையான வாத்தியார் கிடைக்கமாட்டார்.

மனைவிமார் பின்தங்குவது இங்கேதான். கணவர் ஊர் சுற்றி மொழி பிடித்துவிடுவார். வீட்டோடும் பிள்ளையோடும் கிடக்கிற மனைவிக்கு ஒரு வருஷம் கழித்தும் உப்பு, புளி கேட்கிற ஹிந்திதான் வரும். பிறகு பெண்களிடம் யார் பேசுவது? நாள்தோறும் இரண்டு மணி நேரம் குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் உங்கள் மனைவியின் பாட நேரம். இதை வாய்வார்த்தையாக விடாமல் கால அட்டவணையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

இனி காய்ச்சல். உங்கள் மனைவியின் பயத்தை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், அது நியாயமான பயம். அந்த மலையில் வருவது பெரும்பாலும் பால்சிபாரம் வகை மலேரியா. சின்ன வயசிலிருந்து அதில் அடிபட்டு வளர்ந்த மலைவாசிக்கு உடம்பில் ஓரளவு எதிர்ப்பு இருக்கும். அவர் காய்ச்சலோடு விறகு சுமப்பதைப் பார்த்து நீங்கள் இரண்டு நாள் பொறுத்திருந்தால் அது மூளையைத் தாக்கிவிடலாம். உங்கள் மூவர் உடம்புக்கும் அந்த எதிர்ப்பு இல்லை. ஆகவே வீட்டில் ஒரே சட்டம்: யாருக்குக் காய்ச்சல் கண்டாலும் 24 மணி நேரத்துக்குள் ரத்தப் பரிசோதனை. மற்ற மாநிலங்களில் ஆஷா எனப்படுகிற கிராம சுகாதாரப் பணியாளர்களை ஜார்க்கண்டில் சஹியா என்பார்கள். ரேப்பிட் டெஸ்ட் அட்டையும் மாத்திரையும் அவர்களிடம் இருக்கும். அவர் வீடு எது, அட்டை கைவசம் இருக்கிறதா என்று முதல் வாரமே பார்த்து வையுங்கள். பால்சிபாரத்துக்குக் குளோரோகுயின் போதாது, ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து முழுக் கோர்ஸ் வேண்டும். காய்ச்சல் இறங்கியது என்று நடுவில் நிறுத்தக் கூடாது. கூடக் கொடுக்கும் பிரைமாகுயின் சிலருக்கு ரத்தத்தை உடைத்துவிடும். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் அதைக் கொடுப்பதில்லை. கிளம்புமுன் ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலோ பாளையங்கோட்டையில் நல்ல லேபிலோ மூவருக்கும் அந்த ஆபத்து உண்டா என்று காட்டுகிற ஜி6பிடி பரிசோதனை எடுத்து, முடிவைப் பர்சில் வைத்துக்கொள்ளுங்கள். டைபாய்டு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசிகள் பற்றிக் குழந்தை டாக்டரிடம் இந்த ஐந்து மாசத்துக்குள் கேட்டு முடித்துவிடுங்கள். இரண்டாவது குழந்தைக்குத் திட்டம் இருந்தால் கர்ப்பம் உறுதியான உடனே மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். கர்ப்பத்தில் வரும் பால்சிபாரம் தாயையும் பிள்ளையையும் சேர்த்துத் தாக்கும்.

இன்னொரு காய்ச்சல் காலா அசார். சாகிப்கஞ்ச், பாகூர், கோட்டா, தும்கா மாவட்டங்களில் அது உண்டு. மணல் ஈ கடித்து வருவது. கொசுவைவிடச் சிறிய பூச்சி, சாதாரண வலைக் கண் வழியே நுழைந்துவிடும். அதனால் மருந்தூட்டிய வலைதான் வேண்டும். வெறும் நைலான் வலையை இங்கேயிருந்து சுமந்து போகாதீர்கள். இரண்டு வாரம் தாண்டியும் காய்ச்சல் விடாமல், மலேரியா இல்லை என்றும் சொல்லி, இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் கட்டியாகத் தட்டுப்பட்டால் அரசு ஆஸ்பத்திரியில் ஆர்கே39 என்கிற பரிசோதனை கேளுங்கள். வைத்தியம் இலவசம். மண்சுவர் வெடிப்பிலும் மாட்டுத்தொழுவ ஈரத்திலும் அந்த ஈ தங்கும். அரசு ஆட்கள் வந்து வீட்டுக்குள் மருந்து தெளிப்பார்கள். தெளித்த சுவரை மூன்று மாசத்துக்கு மெழுகக் கூடாது. பண்டிகை வருகிறதென்று நாலாம் நாளே செம்மண் பூசி மருந்தை மூடிவிடுகிறார்கள், அந்த ஊர்களில் தெளிப்பு வீணாவது இதனால்தான். உங்கள் சுவரையாவது அப்படியே விடுங்கள்.

தண்ணீருக்கு இரண்டு இடம், இரண்டு ஆபத்து. மலையில் ஊற்று நீர். அதில் மாடும் இறங்கும், மழைக்குக் கலங்கும். துணியில் வடித்து, தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிஷம் கழித்து இறக்கினால் போதும். கீழே கங்கைக்கரைப் பக்கம் அடிகுழாய்த் தண்ணீர் பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும், ஆனால் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில் சில இடங்களில் ஆர்சனிக் கலந்திருக்கிறது. அது கொதித்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். வாடகை வீடு பார்க்கும்போது அந்தக் குழாய்த் தண்ணீரைச் சோதித்தார்களா என்று பிளாக் ஆபீஸ் குடிநீர்ப் பிரிவில் கேளுங்கள்.

வாடகை வீடு என்றதும் யோசித்திருப்பீர்கள். ஆமாம், குடும்பத்தோடு நேரே மலைக்கிராமத்தில் போய் இறங்காதீர்கள். போரியோ, பர்ஹைத், பத்னா மாதிரி ஏதாவது ஒரு பிளாக் ஊரில், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு எடுங்கள். எழுத்தில் ஒப்பந்தம், ஆதார் நகல், ஸ்தாபனத்தின் கடிதம் மூன்றையும் கொண்டுபோய் அந்த ஊர்த் தாணாவில், அதாவது போலீஸ் ஸ்டேஷனில், கொடுத்துவிடுங்கள். அங்கிருந்து வாரத்தில் மூன்று நாள் மலைக்குப் போய்வாருங்கள். இரவு தங்கல் கிராமத்தார் கூப்பிட்ட பிறகு. குடும்பம் ஏறுவது அதற்கும் பிறகு.

இப்போது அந்த ஒரு ஏக்கர். சபையார் இதைக் கேட்டு வருத்தப்படலாம், ஆனால் அந்த நிலம் வாங்க முடியாது. சந்தால் பர்கனா குத்தகைச் சட்டம், 1949, அங்குள்ள குடியானவரின் நிலத்தை விற்பது, தானம் கொடுப்பது, அடமானம் வைப்பது, குத்தகைக்கு விடுவது எல்லாவற்றுக்கும் தடை போட்டிருக்கிறது. மகாஜன் என்கிற வட்டிக்காரர்களிடம் மலைவாசிகள் நிலத்தை இழந்த பழைய கதைதான் அந்தச் சட்டத்துக்குக் காரணம், அது அவர்களுக்கு ஒரு வேலி. 'வெள்ளைப் பேப்பரில் கைநாட்டு வாங்கிக்கலாம், எல்லாரும் அப்படித்தான்' என்று ஒரு தரகர் வருவார். அந்தப் பேப்பர் கோர்ட்டில் நிற்காது, அதற்குள் ஊரில் உங்கள் பேர் நிலம் பிடிக்க வந்தவர் என்று ஆகிவிடும். உங்கள் சபையார் மனசில் முதலூர் இருக்கும். 1799இல் தாவீது சுந்தரானந்தம் காலத்தில் நிலம் வாங்கி, அடிபட்ட விசுவாசிகளைக் குடிவைத்து உண்டான ஊர். அந்த வழி நம் தேரிக்காட்டுக்குச் சரியாக வந்தது. ராஜ்மஹலுக்கு அது வராது. சேர்ந்த காணிக்கையைச் சபைக்கமிட்டியில் தீர்மானம் போட்டு அவசர மருத்துவ நிதியாக மாற்றுங்கள். அதில் மூன்று பேர் ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கான தொகையை எக்காரணத்துக்கும் தொடக் கூடாது.

மாமாவின் பணம். அவர் இந்தியப் பாஸ்போர்ட்காரராக இருந்து, சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து, பேங்க் வழியாக அனுப்பினால் அது எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வராது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் வரும். 'எங்க துபாய் சபையில வசூல் பண்ணி அனுப்புறோம்' என்றால் உங்கள் கணக்குக்கு வேண்டவே வேண்டாம், எஃப்சிஆர்ஏ பதிவுள்ள ஸ்தாபனத்துக்கு அவர்கள் நேரே எழுதட்டும். ஊழியக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் ஒரே பாஸ்புக்கில் ஓட்டாதீர்கள்.

அடுத்தது மாநிலத்தின் மதச் சுதந்திரச் சட்டம், 2017. பலவந்தம், ஆசை காட்டுதல், ஏமாற்று இவற்றால் மதம் மாற்றினால் 3 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். மாற்றப்பட்டவர் பெண், சிறுவர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் என்றால் 4 வருஷம், 1 லட்சம். மதமாற்றச் சடங்கு நடத்துகிற குருவானவர் மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அரசியல் சட்டம் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்ப உரிமை கொடுத்திருக்கிறது. ஆனால் 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், அது இன்னொருவரை மதம் மாற்றுகிற உரிமையாகாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே ஞானஸ்நானம் உங்கள் வேலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஸ்தாபனமும் அங்குள்ள குருவானவரும் வக்கீலோடு கலந்து செய்கிற காரியம்.

அன்றாடத்தில் இந்தச் சட்டம் எங்கே இடிக்கும் தெரியுமா? நல்ல மனசோடு செய்கிற காரியங்களில். கிறிஸ்துமஸுக்குச் சேலை, போர்வை கொடுப்பது 'ஆசை காட்டுதல்' ஆகிவிடும். டியூஷன் நடத்தினால் எல்லாப் பிள்ளைக்கும் நடத்துங்கள், அங்கே ஜெபப்பாட்டு வேண்டாம். மாத்திரை கொடுக்கும்போது ஜெபத்தையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டியது பிள்ளைகளை அழைத்து வருகிற விஷயத்தில். நாசரேத்திலோ சாயர்புரத்திலோ ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்கவைப்போம் என்று ஐந்தாறு பிள்ளைகளோடு ரயில் ஏறுகிறவர்கள் உண்டு. இளைஞர் நீதிச் சட்டம், 2015இன்படி பதிவில்லாத இல்லத்தில் பிள்ளைகளை வைப்பதே குற்றம். ரயில்வே போலீஸ் ஸ்டேஷனில் இறக்கினால் ஆள்கடத்தல் வழக்காகிவிடும். பெற்றோர் கெஞ்சிக் கேட்டாலும் முடியாது என்று சொல்லுங்கள்.

கொடுப்பதற்கு உங்களிடம் ஒன்றுமில்லையா என்றால், இருக்கிறது. பஹாடியா என்று அழைக்கப்படுகிற இந்த மலைமக்களின் குடும்பங்களுக்கு மாசம் 35 கிலோ அரிசி மூட்டை கட்டி வீட்டுக்கே கொண்டுவந்து தர வேண்டிய அரசுத் திட்டம் இருக்கிறது. வராத வீட்டுக்கு மனு எழுதிக் கொடுங்கள். படித்த ஆள் ஒருவர் பிளாக் ஆபீசுக்குக் கூட வருவது அவர்களுக்குப் பெரிய உதவி, அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

முதல் நாளைக் கேட்டீர்கள். மலைக்கிராமத்துக்கு முதல்முறை தனியாகப் போக வேண்டாம், அந்த ஊர்க்காரர் ஒருவர் கூட வரட்டும். நேரே மாஞ்சி வீட்டுக்கு, அதாவது ஊர்த்தலைவர் வீட்டுக்கு. வாசலில் நில்லுங்கள், கூப்பிடாமல் உள்ளே கால் வைக்காதீர்கள். கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காரச் சொல்வார்கள். செருப்பைக் கீழே விட்டுவிட்டு நுனியில் உட்காருங்கள், பெரியவர் தரையில் உட்கார்ந்தால் நீங்களும் தரைக்கு இறங்கிவிடுங்கள். கையில் நோட்டீஸ், கேமரா வேண்டாம். எதற்கு வந்தாய் என்று கேட்பார். வியாபாரம், ஆராய்ச்சி என்று மழுப்பாதீர்கள். 'நாங்கள் கிறிஸ்தவர்கள், ஊழியம் செய்ய வந்திருக்கிறோம், முதலில் உங்கள் மொழியைக் கற்க வேண்டும், நீங்கள் சம்மதித்தால் வந்துபோகிறோம்.' இவ்வளவுதான். இன்று மழுப்பினால் ஆறாம் மாசம் உண்மை தெரியும்போது, ஏமாற்றி வந்தான் என்று முதலில் சொல்கிறவர் அந்த மாஞ்சியாகத்தான் இருப்பார். ஹண்டியா என்கிற அரிசிக் கள்ளை நீட்டுவார்கள். முகம் சுளிக்காமல், வாங்கிப் பக்கத்தில் கொட்டாமல், 'எனக்கு ஆகாது, தண்ணீர் கொடுங்கள்' என்று கேட்டு, கொடுத்த தண்ணீரை அவர் முன்னாலேயே குடியுங்கள். அன்றைக்கு ஒரு நாள் கொதிக்காத தண்ணீர் பரவாயில்லை. குழந்தையை அன்று கூட்டிப்போகாதீர்கள்.

அதன் பிறகு உங்களுக்கு வாரச் சந்தைதான் பள்ளிக்கூடம். மலைப்பெண்கள் விறகுக்கட்டும், கயிறு திரிக்கிற சபாய் புல்லும், பயறும் தலையில் சுமந்து இறங்குவார்கள். வியாபாரி சந்தை வாசலிலேயே மறித்து, படியைக் கவிழ்த்துக் கவிழ்த்து அளந்து, எண்ணிக்கையில் ஒன்றிரண்டு முழுங்கிவிடுவான். நீங்கள் அங்கே போய் உபதேசமும் செய்ய வேண்டாம், சண்டையும் போட வேண்டாம். வாரா வாரம் ஒரே பெண்ணிடம், சொன்ன விலைக்கு, அரைக்கிலோ தட்டாம்பயறு வாங்குங்கள். ஐந்தாறு வாரத்தில் அந்த அம்மாவே உங்கள் மனைவியை எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று கேட்பார். மலைக்கு அழைப்பு அப்படித்தான் வரும்.

சாப்பாட்டுக்குப் பெரிய கஷ்டமில்லை. சோறுதான். கடுகெண்ணெய் வாசனை குழந்தைக்குப் பிடிக்க ஒரு மாசம் ஆகும். முருங்கை அங்கேயும் கிடைக்கும். டிசம்பரில் இட்லி மாவு பொங்கவே பொங்காது, கிரைண்டரைச் சுமக்காதீர்கள். உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ எடுத்துப் போங்கள், குளிரில் சுக்குக் காபி போட உதவும்.

கடைசியாக, ஊருக்கு எழுதுகிற கடிதம். பணித்தளத்தில் வருகிற அழுத்தத்தில் பாதி மலையிலிருந்து வருவதில்லை, இங்கேயிருந்துதான் வருகிறது. பிடியரிசிக் காணிக்கை போட்டுத் தாங்குகிற அம்மாமார் 'எத்தனை ஆத்துமா?' என்று கேட்பார்கள். கேள்வியில் தப்பில்லை. ஆனால் அதற்குப் பதில் சொல்லப் போய் நீங்கள் வாட்ஸ்அப்பில் போடுகிற ஒரு போட்டோ பத்து குரூப் சுற்றி அந்தத் தாணாவுக்கே திரும்பி வரும். முகம், ஊர்ப்பேர், எண்ணிக்கை மூன்றும் கடிதத்தில் வேண்டாம். இந்த மாசம் என்ன கற்றோம், உடம்பு எப்படி, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். முணுமுணுப்பு வந்தால் சபையாருக்கு நம் ஊர்ச் சரித்திரத்தையே எடுத்துச் சொல்லுங்கள். ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் 1814இல் சென்னைக்கு வந்தார், பாளையங்கோட்டைக்கு வந்தது 1820இல். கால்டுவெல் 1838இல் வந்து இறங்கி, தமிழ் கற்று, உங்கள் பக்கத்து இடையன்குடிக்கு வந்து சேர 1841 ஆகிவிட்டது. நமக்கு வந்தவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தை நாம் அனுப்புகிறவர்களுக்கும் கொடுக்க வேண்டும். முதல் பன்னிரண்டு மாசத்துக்குக் கூட்டம், ஆராதனை என்று எந்த இலக்கும் வைக்காமல் மொழி, உடம்பு, ஊரார் பழக்கம் மூன்றை மட்டும் கேட்கும்படி கமிட்டியிடம் இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வருகிற விடுமுறையை முதல் வருஷம் கிறிஸ்துமஸில் வைக்காதீர்கள், போன கையோடு திரும்பின மாதிரி ஆகிவிடும். ஜூன் நடுவிலிருந்து ஜூலை வரை வாருங்கள். அங்கே மலேரியாவும் விதைப்பும் நடக்கும் காலம், உங்களை யாரும் தேடமாட்டார்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. ஹௌராவிலிருந்து சென்னைக்கு ஏப்ரல் நடுவிலேயே போட்டுவிடுங்கள், குழந்தையோடு வருவதால் கீழ் பெர்த் கேட்டுப் போடுங்கள்.